மீட்டர் கீழே, சாக்கெட் மாடியில்

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீட்டின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஓனர் முதல் மாடியில். தரைத்தளம் முழுக்கப் பார்க்கிங். 2022 மாடல் டாடா நெக்ஸான் ஈவி மேக்ஸ் மின்சார கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். கீழே பிளக் பாயின்ட் இல்லை. அதனால் இரண்டாவது பெட்ரூமில் ஏசிக்காகப் போட்ட பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் ரீலைச் செருகி, பால்கனி வழியாகக் கீழே இறக்கி சார்ஜ் போடுகிறேன். இரவு பத்து மணிக்கு 30 சதவீதத்தில் போட்டால் காலை ஆறு மணிக்கு 60தான் காட்டுகிறது. சில நாள் நடுராத்திரியிலேயே சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. பிளக் கையில் பிடிக்க முடியாமல் சுடுகிறது. சிறுசேரி ஆபீசுக்குப் போய் வர தினமும் ஐம்பது கிலோமீட்டர். 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவரில் மாட்டுகிற சார்ஜர் பெட்டி) போட்டால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் போர்ஷனுக்குத் தனி ஈபி மீட்டர் இருக்கிறது, சிங்கிள் பேஸ். ஓனர் நல்லவர்தான். ஆனால் “வயரிங் எரிஞ்சிடும், பில் எகிறிடும்” என்று பயப்படுகிறார். வீட்டிலேயே வேகமாக சார்ஜ் செய்ய என்ன வழி?

பதில்: வணக்கம். மற்றதையெல்லாம் அப்புறம் நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள். இன்று ராத்திரி அந்த ரீலில் காரைச் செருகாதீர்கள். பிளக்கின் வெளிப்புறமே கையில் பிடிக்க முடியாமல் சுடுகிறது என்றால், உள்ளே பின்னும் சாக்கெட்டின் தகடும் சேருகிற இடத்தில் சூடு அதைவிட அதிகம். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது மணிக்கணக்காக ஓடுகிற லோடு இது. வேலை முடியும் வரை சில நாள் வெளியே ஏதாவது ஒரு சார்ஜிங் ஸ்டேஷனில் போட்டுக்கொள்ளுங்கள். செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் எழுதிய எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

உங்கள் கார் பேட்டரி 40.5 யூனிட். ஈபி பில்லில் வருகிற அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி. 30 சதவீதத்திலிருந்து 60க்கு ஏறினால் பேட்டரிக்குள் போனது ஏறக்குறைய 12 யூனிட். காருடன் கொடுக்கிற சாதாரண போர்ட்டபிள் சார்ஜர் 15 ஆம்பியர் இழுக்கும். 230 வோல்ட்டுக்கு அது மூன்றரை கிலோவாட்டை ஒட்டி வரும். வழியில் போகிற நஷ்டத்தைக் கழித்தாலும் மணிக்கு மூன்று யூனிட் பேட்டரியில் சேர வேண்டும். எட்டு மணி நேரத்தில் 24 யூனிட். அதாவது 30லிருந்து 90ஐத் தொட்டிருக்க வேண்டும். உங்களுக்கு ஏறியது அதில் பாதி. கார் மெதுவாக சார்ஜ் ஆகவில்லை, ராத்திரியில் பாதி நேரம் சார்ஜே ஆகாமல் நின்றிருக்கிறது. நீங்கள் பார்த்த சிவப்பு விளக்கு தூக்கம் கலைந்த நாட்களில் மட்டும் கண்ணில் பட்டிருக்கும். மற்ற நாட்களிலும் இதே கதை நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு கணக்கும் போட்டுவிடுவோம். சென்னை டிராபிக்கில் ஏசி போட்டு ஓட்டினால் இந்தக் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறரை, ஏழு கிலோமீட்டர் கொடுக்கும். ஐம்பது கிலோமீட்டருக்கு ஏழரை யூனிட். சுவரிலிருந்து எடுக்கும்போது எட்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே கால் கிலோவாட்டில் இதை நிரப்ப மூன்று மணி நேரம்கூட ஆகாது. இரவு பதினொன்றுக்குப் போட்டால் இரண்டு மணிக்குள் அன்றைய ஓட்டம் ஈடாகிவிடும். அதற்குப் பிறகும் காலை வரை நான்கு மணி நேரம் மிச்சம். ஆகவே உங்கள் அன்றாடத்துக்கு 7.2 கிலோவாட் வேண்டியதே இல்லை. உங்களுக்கு வேண்டியது நிற்காமல், சுடாமல் ஓடுகிற ஒரு 16 ஆம்பியர் பாயின்ட்.

அது ஏன் இப்போது கிடைக்கவில்லை? கரன்ட் வருகிற வழியைப் பாருங்கள். உங்களைப் போன்ற வீடுகளில் மீட்டர் போர்டு எங்கே இருக்கும்? தரைத்தளத்தில், பார்க்கிங் சுவரில், மாடிப்படிக்குப் பக்கத்தில். உங்கள் போர்ஷன் மீட்டரும் அங்கேதான் இருக்க வேண்டும், போய்ப் பாருங்கள். அங்கே புறப்பட்ட கரன்ட் இரண்டு மாடி ஏறி, உங்கள் வீட்டு டிபி பாக்ஸுக்குள் (அறைகளுக்கு லைன் பிரிகிற பெட்டி) போய், அங்கிருந்து பெட்ரூமைச் சுற்றி, பழைய ஏசி பாயின்ட் வரை வந்து, அப்புறம் ரீல் வழியாகத் திரும்பவும் இரண்டு மாடி இறங்கி, புறப்பட்ட இடத்துக்குச் சில அடி தள்ளி நிற்கிற காருக்குள் போகிறது. இந்தச் சுற்றுவழியில்தான் உங்கள் வேகம் தொலைகிறது.

ரீலை எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கிற எக்ஸ்டென்ஷன் ரீல்களில் நல்லதில் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் இருக்கும், மலிவானதில் 1 ஸ்கொயரோ அதற்கும் குறைவோதான். 25 மீட்டர் ரீல் 1.5 ஸ்கொயர் என்றே வைத்துக்கொண்டாலும், 15 ஆம்பியர் ஓடும்போது போக வர அந்த வயரில் மட்டும் 9 வோல்ட் விழும். 130 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போகும். மாடிக்கு ஏறி வரும் 2.5 ஸ்கொயர் வயரில் இன்னும் ஐந்தாறு வோல்ட். மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு ஏரியா முழுக்க ஏசி ஓடும்போது மீட்டரிலேயே 210 வோல்ட்தான் வருகிறது என்றால், காருக்குப் போய்ச் சேருவது 195. வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் சார்ஜர் தானாக நிறுத்திக்கொள்ளும். பிளக்கில் சூடு கூடினாலும் நிறுத்தும். இரண்டும் உங்களைக் காப்பாற்றுவதற்காக வைத்த ஏற்பாடுகள்.

ரீலில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாதி வயரை வெளியே இழுத்துவிட்டு மீதியைச் சுருளாகவே விட்டிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். சுருளுக்குள் இருக்கிற வயர் விடுகிற சூட்டுக்கு வெளியேற வழி கிடையாது. உள்சுற்றில் இன்சுலேஷன் இளகி, வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன ரீல்களை இந்தத் தொழிலில் நிறையப் பார்க்கிறோம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மெயினை ஆஃப் செய்துவிட்டு அந்த ஏசி பாயின்ட்டில் செருகியிருந்த பிளக்கைப் பிடுங்கி, பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளை நிறம் மாறி நீலமாகவோ கருப்பாகவோ ஒரு வளையம் தெரிகிறதா? சாக்கெட்டின் கீழ் இரண்டு ஓட்டைகளைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா? மீன் நாற்றம் மாதிரி ஒரு வாசனை வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த சாக்கெட்டும் பிளக்கும் முடிந்தது என்று அர்த்தம். மாற்றாமல் அங்கே ஏசியைக்கூட மாட்டாதீர்கள். ஏசிக்கான பாயின்ட் கார் லோடை ஏன் தாங்கவில்லை என்று கேட்கலாம். ஒன்றரை டன் ஏசி ஆறேழு ஆம்பியர்தான் எடுக்கும், அதுவும் அறை குளிர்ந்ததும் குறைந்துவிடும். கார் அதைப்போல இரண்டு மடங்கு எடுக்கும், இடைவெளியே இல்லாமல்.

செய்ய வேண்டிய வேலை என்ன? உங்கள் மீட்டருக்குப் பின்னால் இருக்கிற மெயின் ஸ்விட்சிலிருந்து காருக்கென்றே தனி லைன் ஒன்று எடுக்க வேண்டும். மாடிக்குப் போகிற லைனைத் தொட வேண்டாம். மீட்டர் சீலையும் அதற்கு முன்னால் உள்ள ஈபி ஃபியூஸையும் யாரும் தொடக் கூடாது. அந்த ஃபியூஸைப் பிடுங்க வேண்டியிருந்தால் ஈபி ஆள் வர வேண்டும். மெயினுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பாக்ஸ். அதற்குள் லோடு கூடினால் தானாக விழுகிற 20 ஆம்பியர் எம்சிபி, மின்கசிவு வந்தால் விழுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. அங்கிருந்து கார் நிற்கிற இடம் வரை பிவிசி குழாய்க்குள் 4 ஸ்கொயர் காப்பர் வயர், பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும். பத்து மீட்டருக்குள் 2.5 ஸ்கொயரும் போதும் என்று சில எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். தப்பில்லை, ஆனாலும் நான் 4தான் போடச் சொல்வேன். விலை வித்தியாசம் கொஞ்சம்தான், சூடு கணிசமாகக் குறையும்.

ஆர்சிசிபி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைக்காரர் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது ‘ஏசி’ டைப் (குளிர்சாதன ஏசி இல்லை, மாறுமின்சாரம்). காருக்கு ஏ டைப் வேண்டும். அதன் முகத்தில் அச்சிட்டிருக்கும் சின்னக் கட்டத்தில் ஒரு முழு அலையும் அதற்குக் கீழே அரை அலைகளும் வரைந்திருக்கும். முழு அலை மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காருக்குள் மின்சாரம் டிசியாக (நேர்மின்சாரமாக) மாறுவதால், கசிவு ஏற்பட்டால் அந்தக் கசிவின் வடிவமும் மாறும். சாதாரண ஆர்சிசிபி அதைச் சரியாகக் கண்டுபிடிக்காது.

சாக்கெட் விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். கனமான தகடு உள்ள 16 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட், மெட்டல் கிளாட் பாக்ஸில். நடுவில் அடாப்டர் கூடவே கூடாது. இன்டஸ்ட்ரியல் சாக்கெட் இன்னும் நல்லதுதான், ஆனால் உங்கள் சார்ஜரின் பிளக் அதில் சேராது. சேர்ப்பதற்காகக் காருடன் வந்த பிளக்கை வெட்டினால் வாரண்டி போய்விடும். அப்புறம், சார்ஜர் வயரின் நடுவே ஒரு கனமான பெட்டி இருக்கிறதல்லவா, அது பிளக்கிலிருந்து தொங்கக் கூடாது. அந்தக் கனம் தினமும் பிளக்கைக் கீழே இழுத்து இழுத்து சாக்கெட்டின் பிடியைத் தளர்த்திவிடும், அங்கேதான் சூடு பிறக்கும். சுவரில் ஒரு கொக்கி அடித்து பெட்டியை அதில் மாட்டுங்கள்.

நீங்கள் இருப்பது மடிப்பாக்கம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தப் பக்கத்துப் பார்க்கிங்குகளில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று ஓனருக்கு நினைவிருக்கும். கேளுங்கள். சுவரில் அந்தத் தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டச் சொல்லி, அதற்கு ஒரு முழம் மேலே சாக்கெட்டை வையுங்கள். நெஞ்சு உயரத்துக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஏறிய பிறகு கீழே இறங்கிப் போய் ஆஃப் செய்யலாம் என்று காத்திருக்காமல், மழை எச்சரிக்கை வந்த அன்றே எம்சிபியை ஆஃப் செய்துவிடுங்கள்.

இப்போது எர்த். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மின்சார கார் எர்த் சரியில்லாத சாக்கெட்டில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளாது. சிவப்பு விளக்குக்கு வோல்டேஜ், சூடு போக மூன்றாவது காரணம் இதுவாக இருக்கலாம். நம் ஊர்ப் பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குள் வயரே இருக்காது. இருந்தாலும் அது போய்ச் சேருகிற எர்த் பைப் பல வருடமாகக் காய்ந்து, துருப்பிடித்துக் கிடக்கும். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் எர்த் இல்லாமலே ஓடிவிடுவதால் யாருக்கும் தெரியாது. கார் வந்த பிறகுதான் வெளிச்சத்துக்கு வருகிறது.

அப்போது ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். அவர் சாக்கெட்டைக் கழற்றி, நியூட்ரலுக்கும் எர்த் பின்னுக்கும் இடையில் இரண்டு அங்குல வயர்த் துண்டு ஒன்றை மாட்டிவிடுவார். பச்சை விளக்கு வந்துவிடும். கார் சார்ஜ் ஆகும். எல்லோருக்கும் சந்தோஷம். இதைவிட ஆபத்தான வேலை இந்தத் தொழிலில் வேறில்லை. எங்கேயாவது நியூட்ரல் அறுந்தாலோ லூஸானாலோ, அந்தத் துண்டு வயர் வழியாகப் பேஸ் மின்சாரம் நேராகக் காரின் உடம்புக்கு வந்துவிடும். கார் ரப்பர் டயரில் நிற்பதால் ஃபியூஸ் போகாது, எதுவும் டிரிப் ஆகாது. கார் சும்மா நிற்கும். ஈரக் கையோடு யாராவது கதவைத் தொடும் வரை யாருக்கும் தெரியாது. உங்கள் பார்க்கிங்கில் ஓனர் வீட்டுப் பேரப்பிள்ளைகள்கூட விளையாடுவார்கள். யார் என்ன சொன்னாலும் இதைச் செய்ய விடாதீர்கள். ஏற்கெனவே அந்த ஏசி பாயின்ட்டில் யாராவது செய்து வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

பார்ப்பது சுலபம். எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் இருக்கும். சாக்கெட்டில் லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள், 220, 230 வரும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட் இருந்தால் நல்லது. நாற்பது, அறுபது என்று காட்டினால் எர்த் இல்லை. லோடு ஓடும்போதும் சரியாகப் பூஜ்யம் காட்டினால் இன்னும் சந்தேகப்படுங்கள், உள்ளே அந்தத் துண்டு வயர் இருக்கக்கூடும். லோடு இருக்கும்போது நியூட்ரலில் கொஞ்சமாவது வோல்டேஜ் விழாமல் இருக்காது.

பழைய எர்த் சரியில்லை என்றால் பார்க்கிங் ஓரத்தில், மண் இருக்கிற இடமாகப் பார்த்து, புதிதாக ஒரு எர்த் ராடு இறக்கிவிடுங்கள். கெமிக்கல் எர்த்திங் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். துளை போட்டு, ராடை நிறுத்தி, சுற்றிலும் பொடியைக் கொட்டி, மேலே ஒரு சின்ன மூடி வைத்துவிடுவார்கள். அரை நாள் வேலை. ஓனரிடம் பேசும்போது இதுதான் உங்கள் கையில் இருக்கிற பெரிய துருப்பு. ஏனென்றால் அந்த எர்த் அவர் வீட்டுக்கே ஒரு நன்மை. அவருடைய கீசருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அதே எர்த்தை இணைத்துக்கொள்ளலாம்.

உரிமம் உள்ள ஒயர்மேனை வைத்துச் செய்தால், எர்த் உட்பட எல்லாம் சேர்த்து மடிப்பாக்கத்தில் ஒரு மாத வாடகையை ஒட்டித்தான் செலவாகும். தூரம் கூடினால் கூடும்.

வால்பாக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் கார் அதை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். 2022 மே மாதம் நெக்ஸான் ஈவி மேக்ஸ் வந்தபோது காருக்குள் இருக்கிற சார்ஜர் இரண்டு விதமாக வந்தது: 3.3 கிலோவாட், 7.2 கிலோவாட். பெரியதற்கு ஐம்பதாயிரம் ரூபாய் அதிகம். பலர் அந்த ஐம்பதாயிரத்தை மிச்சம் பிடித்தார்கள். உங்களுக்கு விற்றவர் எதை வாங்கியிருந்தார் என்று கேட்டீர்களா? சுவரில் மாட்டுகிற பெட்டி மின்சாரத்தைக் காருக்குக் கொடுக்கும், அவ்வளவுதான். அதை டிசியாக மாற்றி பேட்டரியில் ஏற்றுவது காருக்குள் இருக்கிற சார்ஜர். அது 3.3 என்றால், சுவரில் 7.2 மாட்டினாலும் 22 மாட்டினாலும் 3.3க்கு மேல் ஒரு வாட்கூட ஏறாது. முதல் ஓனரின் இன்வாய்ஸில் வேரியன்ட் பெயர் இருக்கும். அது கிடைக்காவிட்டால் வழக்கமான டிசி ஸ்டேஷனுக்குப் போகாமல், 7 கிலோவாட்டுக்கு மேல் மாறுமின்சாரம் கொடுக்கும் ‘ஏசி டைப் 2’ சார்ஜர் உள்ள இடத்துக்குப் போய்ச் செருகிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் திரையிலோ ஆப்பிலோ எத்தனை கிலோவாட் என்று தெரிந்துவிடும். மூன்றைச் சுற்றியே நின்றால் வால்பாக்ஸ் ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஏழு காட்டினாலும் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. 7.2 கிலோவாட் என்றால் ஒரே பேஸில் 32 ஆம்பியர். உங்கள் போர்ஷன் சிங்கிள் பேஸ். தமிழ்நாட்டில் லோடு 4 கிலோவாட்டைத் தாண்டினால் மூன்று பேஸ் இணைப்புக்குப் போகச் சொல்வார்கள். இணைப்பு ஓனர் பெயரில்தானே இருக்கும், விண்ணப்பம் அவர்தான் போட வேண்டும். டெபாசிட், புது மீட்டர், கம்பத்திலிருந்து புது கேபிள் என்று வேலை நீளும். மூன்று பேஸ் வந்த பிறகும் கார் ஒரே பேஸில்தான் 32 ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் குறைந்தால் பேஸை மாற்றிக்கொள்ள சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வைத்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். அப்படி மொத்த வீட்டையும் கார் இருக்கிற பேஸுக்கே யாராவது திருப்பிவிட்டால் மெயின் போய்விடும். 6 ஸ்கொயர் வயர், 40 ஆம்பியர் எம்சிபி என்று சாமானும் மாறும். நாளைக்கே வீடு மாற வேண்டி வந்தால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகலாம், ஓனர் பெயரில் கட்டிய டெபாசிட்டும் கேபிள் செலவும் அங்கேயே நின்றுவிடும். தினமும் நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு, அல்லது ஒரே பார்க்கிங்கில் இரண்டு மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கு 7.2 அர்த்தமுள்ளது. இரண்டும் நீங்கள் இல்லை.

எப்போதாவது திடீரென்று வெளியூர் கிளம்ப வேண்டியிருந்தால்? அதற்கு டிசி ஃபாஸ்ட் சார்ஜர். 50 கிலோவாட் சார்ஜரில் 80 சதவீதம் வரை ஏற உங்கள் காருக்கு 56 நிமிடம் என்பது கம்பெனி கணக்கு. கிளம்புகிற வழியில் அதிகம் போனால் ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

லோடு பற்றி ஒரு எச்சரிக்கை. 3.3 கிலோவாட் காரும், 2 கிலோவாட் கீசரும், ஏசியும் ஒரே நேரத்தில் ஓடினால் சிங்கிள் பேஸ் மெயின் திணறும். உங்கள் இணைப்புக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்று ஈபி ரசீதில் இருக்கும், பாருங்கள். ஒன்று, ஒன்றரை கிலோவாட் என்று பழைய கணக்கிலேயே கிடந்தால் 4 வரை உயர்த்த ஓனரைக் கொண்டு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். அனுமதித்ததற்கு மேல் இழுப்பது மீட்டரில் பதிவாகும், பிறகு கேள்வி வரும். அதுவரைக்கும், அதற்கு அப்புறமும், காரைத் தூங்கப் போகும்போது பதினொன்றுக்கு மேல் போடுவதைப் பழக்கமாக்குங்கள். அந்த நேரத்தில் ஏரியா லோடு குறைந்து வோல்டேஜும் தேறிவிடும். காலையில் கீசர் போடுவதற்குள் கார் முடித்திருக்கும்.

பில் எகிறும் என்று ஓனர் சொல்வது உண்மைதான், ஆனால் அது உங்கள் மீட்டர். மாதம் 25 நாள் ஆபீஸ் போனால் காருக்கு மட்டும் 200 யூனிட்டைத் தாண்டும், இரண்டு மாத ரீடிங்கில் 400க்கு மேல். வீட்டுக்கு 450 ஓடிக்கொண்டிருந்தால் மொத்தம் 850ஐத் தாண்டிப் போகும். 2024 ஜூலை கட்டணப்படி 600க்கு மேல் யூனிட்டுக்கு 9 ரூபாய் 65 காசு, 800க்கு மேல் 10 ரூபாய் 70 காசு. அதாவது கார் குடிக்கிற யூனிட்டில் பெரும்பகுதி மேல் படியில் போய் உட்காரும். அந்த மேல் படி விலையிலேயே பார்த்தாலும் ஐம்பது கிலோமீட்டருக்கு எண்பது, தொண்ணூறு ரூபாய்தான். இதே அளவு பெட்ரோல் காரில் மூன்று லிட்டருக்கு மேல் போகும். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் பல இடங்களில் 20 ரூபாயைத் தாண்டுகிறது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: எந்தச் சூழ்நிலையிலும் பார்க்கிங் விளக்கு, மோட்டார் ஓடுகிற பொது மீட்டரிலிருந்து லைன் எடுக்காதீர்கள், ஓனரே சரி என்று சொன்னாலும். அந்த மீட்டருக்குக் கட்டணமே வேறு, இலவச யூனிட்டும் கிடையாது. யார் எவ்வளவு கட்டுவது என்று முதல் பில்லிலேயே மனக்கசப்பு வந்துவிடும்.

ஓனரிடம் எப்படிப் பேசுவது? போனில் வேண்டாம். முதலில் ஒயர்மேனை அழைத்துவந்து, மீட்டர் போர்டுக்கு முன்னால் ஓனரையும் நிற்க வைத்து, எங்கிருந்து எங்கே குழாய் போகும் என்று சாக்பீஸில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். “வயரிங் எரிஞ்சிடும்” என்கிற அவர் பயம் நியாயமானது. இப்போது நீங்கள் செய்வதுதான் அவர் வீட்டு வயரிங்கை எரிக்கக்கூடியது, புது லைன் அதைத் தொடவே போவதில்லை என்று அந்தக் கோட்டைப் பார்த்தால் அவருக்கே புரியும். அந்த ரீலையும், நிறம் மாறிய பிளக்கையும் மறைக்காமல் காட்டுங்கள். வீட்டு இணைப்பிலேயே சொந்தக் காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்பது மத்திய மின்துறையின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது என்றும் சொல்லுங்கள், சட்டச் சிக்கல் வருமோ என்று சிலர் தயங்குவார்கள்.

அப்புறம் எழுத்தில் வாங்குங்கள். பெரிய பத்திரமெல்லாம் வேண்டாம். இப்படி ஒரு பக்கம் போதும்:

“தரைத்தளத்தில் உள்ள எங்கள் போர்ஷன் மீட்டருக்குப் பின்னாலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை ஒரு 16 ஆம்பியர் சார்ஜிங் பாயின்ட்டை எங்கள் சொந்தச் செலவில், உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு அமைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன். சுவரை உடைக்காமல் வெளிக்குழாயில் வயர் வரும். வீட்டின் தற்போதைய வயரிங்கில் எந்த மாற்றமும் செய்ய மாட்டோம். மின்கட்டணம் முழுவதும் எங்கள் மீட்டரிலேயே ஏறும். காலி செய்யும்போது சாக்கெட், பாக்ஸ், வயரை எடுத்துக்கொண்டு, ஆணி அடித்த இடங்களைப் பூசிக் கொடுப்போம். புதிய எர்த் வீட்டிலேயே இருக்கும்.”

கீழே இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல். அடுத்த முறை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இதை அதனுடன் இணைத்துவிடுங்கள். ஓனர் இடத்துக்கு அவர் மகனோ மகளோ வந்து பேசும் நாள் வந்தால் இந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை. ஒருவேளை அவர் தன் மீட்டரோடும் சேராமல், உங்கள் வீட்டு மீட்டரோடும் சேராமல் தனியாக இருக்கட்டும் என்று விரும்பினால், காருக்கென்றே தனி இணைப்பு கேட்கவும் 2024 பிப்ரவரியில் நுகர்வோர் உரிமை விதிகளில் செய்த திருத்தம் வழிவிடுகிறது. அதற்கும் விண்ணப்பத்தில் அவர் சம்மதம் தேவைப்படும்.

வேலை முடிந்த முதல் நாள், சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்து கீழே இறங்கிப் போய் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். கையை எடுக்கத் தோன்றினால் ஆஃப் செய்துவிட்டு ஒயர்மேனைத் திரும்பக் கூப்பிடுங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு ஸ்க்ரூ முறுக்கு குறைந்திருக்கும். ஒரு மாதம் கழித்து ஒரு தடவை எல்லா ஸ்க்ரூவையும் திரும்ப முறுக்கச் சொல்லுங்கள். புது காப்பர் வயர் சூடாகி ஆறும்போது டெர்மினலில் கொஞ்சம் இளகும். ஆர்சிசிபியில் இருக்கிற சின்ன டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்குங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கு சார்ஜ் போடாதீர்கள்.